செவிலியரின் தன்னம்பிக்கையும் பணியூக்கமும்

நோயாளியின் படுக்கையருகே இரவும் பகலும் இருப்பவர் மருத்துவர் அல்லர், செவிலியரே. மருத்துவர் காலையில் ஒருமுறை சுற்றி வருவார். மாலையில் மறுமுறை வருவார். இடைப்பட்ட பொழுதெல்லாம் காய்ச்சல் ஏறியதா, மூச்சு மாறியதா, நரம்பில் ஏற்றிய மருந்துநீர் ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்ப்பவரும், ஏதோ தவறு நிகழ்கிறது என்று முதலில் ஐயுறுபவரும் அவரே. அவர் தயங்கி நிற்கும் நேரத்திற்கு விலை கொடுப்பவர் நோயாளி. ஆகவே செவிலியரின் தன்னம்பிக்கை என்பது அவருடைய சொந்த மனநிலையைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. நம் இல்லங்களிலும் இத்தொழிலுக்குப் பிள்ளைகளை அனுப்பியோர் உளர். அனுப்ப எண்ணுவோரும் உளர். ஆதலின் இப்பொருளைச் சற்று விரிவாக ஆராய்தல் நலம்.

இது பற்றி மக்களிடையே இருவகைக் கருத்துகள் உலவுகின்றன. தன்னம்பிக்கை பிறவியிலேயே சிலர்க்கு வாய்க்கும் குணம், வாயுள்ள பெண் பிழைத்துக்கொள்வாள், அடங்கிய பெண் திண்டாடுவாள் என்பது ஒன்று. பணியூக்கம் என்பது தொண்டுள்ளம், அது உள்ளவர் எவ்வளவு சுமையையும் முகம் கோணாமல் சுமப்பார், இல்லாதவர் சம்பளம் பற்றிப் பேசுவார் என்பது மற்றொன்று. இரண்டும் பிழையென்பதே இக்கட்டுரையின் துணிபு. இவ்விரண்டாவது கருத்து பிழையானது மட்டுமன்று, சிலர்க்கு மிகவும் வசதியானதும் ஆகும். அதனைப் பின்னர்க் காண்போம்.

1966ஆம் ஆண்டு சார்லஸ் ஹாப்லிங் என்னும் அமெரிக்க மனநோய் மருத்துவர் தம் துணைவர்களுடன் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். மாலைப் பணியில் வார்டில் தனித்திருந்த 22 செவிலியர்க்கு, அவர்கள் முன்பின் அறியாத ஒருவர் தம்மை மருத்துவர் என்று கூறிக்கொண்டு தொலைபேசியில் பேசினார். குறிப்பிட்ட நோயாளிக்கு ஒரு மருந்தை 20 மில்லிகிராம் உடனே கொடுக்கவேண்டும், தாம் வந்து கையொப்பம் இடுவதாக அவர் சொன்னார். மருந்துக் குப்பியின் மேலேயே 10 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்று அச்சிட்டிருந்தது. தொலைபேசி வாய்மொழியை ஏற்று மருந்து கொடுப்பதும் அம்மருத்துவமனை விதிக்கு மாறானது. எனினும் 22 பேரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கி நடந்தனர். மறைந்திருந்தவர் தடுத்து நிறுத்தி உண்மையை விளக்கினார். குப்பியில் இருந்தது தீங்கற்ற சர்க்கரையே. இதனினும் வியப்பு ஒன்று உண்டு. இவ்வாறு நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று வேறு 12 செவிலியரைக் கேட்டபோது, கொடுக்கமாட்டோம் என்று 10 பேர் கூறினர். பயிற்சி மாணவியர் 21 பேரும் மறுப்போம் என்றே கூறினர்.

இதைப் படிப்போர் அச்செவிலியரைக் கோழைகள் என்று எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுதல் அவசரம். 1977இல் ராங்க், ஜேக்கப்சன் என்னும் இருவர் இச்சோதனையைச் சிறிது மாற்றி மீண்டும் செய்தனர். இம்முறை மருந்து செவிலியர் நன்கு அறிந்த வேலியம். அருகிலிருந்த சக செவிலியரிடம் கலந்து பேசவும் அவர்களுக்கு வாய்ப்பு இருந்தது. 18 பேரில் இருவர் மட்டுமே அவ்வாணையை நிறைவேற்றும் நிலைவரை சென்றனர். மனிதர்களின் குணமா மாறிவிட்டது? அன்று. முதற் சோதனையில் இருந்தவர் அறியாத மருந்துடன் தனியே நின்றார். இரண்டாவதில் இருந்தவர் அறிந்த மருந்துடன் துணையோடு நின்றார். நாம் தன்னம்பிக்கை என்று அழைப்பதன் பெரும்பகுதி இவ்விரண்டுதான்: தன் தொழிலைத் திண்ணமாக அறிந்திருத்தல், தட்டிக் கேட்கும்பொழுது பக்கத்தில் ஒருவர் இருத்தல்.

உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் இக்கருத்துக்கு ஒரு கோட்பாட்டு வடிவம் தந்தார். 'இதை என்னால் செய்ய இயலும்' என்னும் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து, அதற்கு நான்கு ஊற்றுகளை அவர் காட்டினார். தானே செய்து முடித்த அனுபவம் முதலாவது. தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைக் கண்ணாரக் காண்பது இரண்டாவது. மதிக்கத்தக்கவர் சொல்லும் ஊக்கச் சொல் மூன்றாவது. உடலும் மனமும் இருக்கும் நிலை நான்காவது. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. பாம்பைக் கண்டு பேரச்சம் கொண்டவர்களை வைத்து அவர் சோதித்தார். பிறர் பாம்பைக் கையாளுவதைப் பார்த்தவர்களுக்கு அச்சம் ஓரளவு தணிந்தது. வழிகாட்டியின் துணையோடு படிப்படியாகத் தாமே கையாண்டவர்களுக்கோ அதனினும் மிகுதியாகத் தணிந்தது. பாம்பைப் பற்றிச் சொற்பொழிவு கேட்டு அச்சம் நீங்கியவர் எவர்?

முதல் இரவுப் பணியை எண்ணிப் பாருங்கள். பயிற்சிப் பள்ளியில் ஒரு நோயாளிக்கு ஒரு மாணவியாக நின்று, ஆசிரியை பார்த்திருக்க, ஊசி போட்டுப் பழகிய பெண், வேலையில் சேர்ந்த சில வாரங்களிலேயே நிறைந்த வார்டில் தனியே நிற்கிறாள். ஒரு மூலையில் ஒருவர்க்கு மருந்துநீர் ஏறும் கை வீங்கியிருக்கிறது. மறுமூலையில் ஒரு முதியவர் சிறுநீர் பிரியாமல் துடிக்கிறார். நடுவில் ஒருவர் மூச்சு வாங்குகிறது என்கிறார். எவரிடம் முதலில் செல்வது? புத்தகம் மூன்றையும் தனித்தனி அத்தியாயங்களில் சொல்லியிருந்தது, வரிசையைச் சொல்லவில்லை. மார்லீன் கிரேமர் என்னும் செவிலியர் கல்வியாளர் 1974இல் எழுதிய நூலில் இந்த நிலையை 'உண்மையின் அதிர்ச்சி' என்று பெயரிட்டார். பள்ளியில் சிறந்ததெனக் கற்றது வார்டில் நேரமின்மையால் கைவிடப்படுவதைக் கண்டு இளம் செவிலியர் அடையும் கலக்கம் அது. ஒருவரையும் சாராத பொதுவான நிலையே அது என்று அறிந்திருத்தலே ஓரளவு மருந்து. ஏனெனில், அதை அறியாத பெண் தான் மட்டுமே தகுதியற்றவள் என்று எண்ணி இரவெல்லாம் அழுகிறாள்.

பட்ரீசியா பென்னர் 1984இல் செவிலியரின் வளர்ச்சியை ஐந்து படிகளாக வகுத்தார். புதியவர், சற்றுப் பழகியவர், திறன் பெற்றவர், தேர்ச்சி பெற்றவர், வல்லுநர் என அவை அமையும். திறன் பெற்றவர் என்னும் நடுப்படியை எய்துதற்கு ஒரே வகையான பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் வேண்டும் என்பது அவர் கண்டது. ஆள் குறைந்த இடத்திற்கெல்லாம் இளம் செவிலியரை இன்று குழந்தைகள் வார்டு, நாளை அறுவைப் பிரிவு, மறுவாரம் தீவிர சிகிச்சை என்று மாற்றிக்கொண்டே இருக்கும் மேலாளர், அறிந்தோ அறியாமலோ, அவர் எங்கும் வேரூன்றாதபடி செய்கிறார். எல்லாப் பிரிவிலும் பழக்கம் வேண்டும் என்று இதற்குக் காரணம் கூறுவதுண்டு. பழக்கம் வேண்டியதுதான், ஆயின் முளைத்த செடியை வாரந்தோறும் பிடுங்கி நடுவது பழக்கம் ஆகாது.

மொழியும் இங்குக் குறிப்பிடத்தக்கது. தமிழ்நாட்டிலிருந்து மும்பைக்கோ பெங்களூருக்கோ செல்லும் செவிலியர் தொழிலில் தேர்ந்தவராயினும், நோயாளியின் சொல் விளங்காத முதல் மாதங்களில் அறிவிலார் போலக் காட்சியளிப்பார். தம்மையும் அவ்வாறே எண்ணத் தொடங்குவார். இது தொழிற்குறை அன்று, சொற்குறையே. வலி, தலைசுற்றல், வாந்தி, எரிச்சல், மூச்சுத் திணறல் முதலியவற்றை நோயாளி எவ்வாறு சொல்வார் என்று ஐம்பது சொற்களை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் பாதிச் சுமை இறங்கும். கன்னடத்தார் வலியை 'நோவு' என்றே சொல்வர். நமக்கு அது புதுச்சொல்லும் அன்று.

இனி, மருத்துவமனையின் அமைப்பே தன்னம்பிக்கையைக் குலைக்கும் விதத்தைக் காண்போம். இசபெல் மென்சீஸ் என்னும் உளப்பகுப்பாய்வாளர் இலண்டனில் பயிற்சி அளிக்கும் மருத்துவமனை ஒன்றை ஆராய்ந்து 1960இல் கட்டுரை வெளியிட்டார். அங்கே ஒரு நோயாளியின் முழுப் பராமரிப்பும் எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. ஒருவர் எல்லார்க்கும் வெப்பம் பார்ப்பார். ஒருவர் எல்லார்க்கும் படுக்கை விரிப்பார். நோயாளி பெயரால் அன்றி, படுக்கை எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் சுட்டப்பட்டார். துன்பத்தையும் மரணத்தையும் நெருங்கி நிற்பதால் எழும் மனக்கலக்கம் செவிலியரைத் தாக்காதிருக்கவே இவ்வேற்பாடு தன்னியல்பாக உருவாயிற்று என்றார் அவர். ஆனால் கலக்கம் நீங்கவில்லை. தம் உழைப்பால் ஒருவர் நலம் பெற்றார் என்று காணும் மகிழ்ச்சிதான் நீங்கியது. பயிற்சிக்கு வந்த மாணவியருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பாதியிலேயே விலகினர். விலகியோருள் சிறந்தவர்களே மிகுதி என்பதும் அவர் கண்டது. நம் நாட்டு வார்டுகளில் 'பதினேழாம் நம்பர்' என்று நோயாளியை அழைக்கும் வழக்கத்தைக் கேட்டவர்க்கு இது அயலூர்ச் செய்தியாகத் தோன்றாது.

பௌத்த நூல்களைப் பயில்வோர் இவ்விடத்தில் விநய பிடகத்தின் மகாவக்கத்தை நினைவு கூர்வர். வயிற்று நோயுற்றுத் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவைப் பகவான் தம் கையால் நீராட்டியதும், ஆனந்தர் உடன் உதவியதும் அங்கே கூறப்படுவன. அதனை அடுத்து நோயாளியைப் பேணத் தக்கவரின் ஐந்து தகுதிகள் வருகின்றன. அவற்றின் வரிசையை நோக்குக. மருந்தைத் தயாரிக்கும் திறமை முதலில் நிற்கிறது. நோய்க்கு ஏற்றது எது, ஏலாதது எது என்று அறிதல் அடுத்து. ஊதியம் கருதாத அன்புள்ளம் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. மலம், சிறுநீர், வாந்தி முதலியவற்றை அகற்ற அருவருப்புக் கொள்ளாமை அதன்பின். நல்லுரையால் நோயாளியின் மனத்தைத் தெளிவித்தல் இறுதியில். அன்பு வேண்டாம் என்பதன்று பொருள். திறமையில்லாத அன்பு நோயாளியைக் காக்காது என்பதை இவ்வரிசை உணர்த்துவதாக யாம் கொள்கிறோம்.

அருவருப்பு என்னும் நான்காவதைச் சற்றே விரித்துரைக்க வேண்டும். பிற நாடுகளில் செவிலியர்க்கு இல்லாத ஒரு சுமை இந்தியச் செவிலியர்க்கு உண்டு. உடலின் கழிவைத் தொடுவோர் தாழ்ந்தோர் என்னும் தீட்டுக் கொள்கை வேரூன்றிய சமுதாயத்தில், பெட்பான் எடுப்பதையும் புண் கழுவுவதையும் இழிதொழிலாகப் பார்த்தனர். இரவில் வெளியே தங்கி ஆடவர் உடலைத் தொடும் பெண் என்று பழியும் சேர்த்தனர். 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்நாட்டில் 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்னும் நிலை இருந்ததைக் காட்டியது. பணமும் பள்ளியும் இல்லாமை மட்டும் அதற்குக் காரணம் அன்று. மேற்குறித்த இழிவும் காரணமே. தீட்டின் பெயரால் தள்ளி வைக்கப்பட்டதன் பொருள் என்ன என்பதை நம் வாசகர்க்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. ஒரு நோயாளியின் படுக்கைப் புண்ணைத் தடுப்பதற்கு அவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தலும், ஈரம் படாமல் தோலைத் துடைத்தலும், எலும்பு புடைத்த இடங்களைச் சோதித்தலும் வேண்டும். இது கூலிக்குச் செய்யும் அழுக்கு வேலையா, அறிவோடு கூடிய மருத்துவமா?

இதற்கு மும்பையிலிருந்தே சான்று தரலாம். கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியரான அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அம்மருத்துவமனைக்குள்ளேயே கொடுந்தாக்குதலுக்கு உள்ளாகி, மூளை சிதைவுற்றுப் படுக்கையில் வீழ்ந்தார். 2015 மே மாதத்தில் இறக்கும்வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், அங்குள்ள செவிலியரே அவரைப் பேணினர். பணியில் இருந்தோர் ஓய்வு பெற்றனர், புதியோர் வந்தனர், பராமரிப்பு மட்டும் கைமாறி வந்தது. அவர் உடலில் படுக்கைப் புண் இல்லை என்பதை 2011இல் உச்சநீதிமன்றம் தன் தீர்ப்பில் வியந்து குறிப்பிட்டது. அவர் சார்பில் முடிவு கூறத்தக்கவர் வெளியார் அல்லர், இத்தனை ஆண்டு பேணிய மருத்துவமனைப் பணியாளரே என்றும் கூறிற்று. அச்செவிலியரை ஊக்கியது எது? அவர் 'பதினேழாம் நம்பர்' அல்லர். பெயருள்ள ஒருவர், தம்முள் ஒருவர். பயன் கண்கூடாகத் தெரிந்தது. எனினும் இந்நிகழ்ச்சியைத் தியாகக் கதையாக மட்டும் படிப்பது அரைகுறை வாசிப்பு. அத்தாக்குதல் பணியிடத்தில் நடந்தது. உடை மாற்றும் அறைக்குச் செல்லவே அஞ்சவேண்டிய ஒரு பெண்ணிடம் ஊக்கத்தை எதிர்பார்ப்பது எவ்வாறு?

இனி முன்பு ஒத்திவைத்த தொண்டுள்ளம் பற்றிய பேச்சுக்கு வருவோம். பிரடெரிக் ஹெர்ஸ்பர்க் 1959இல் வெளியிட்ட நூலில், வேலையில் மனநிறைவு தருவனவும் மனக்குறை தருவனவும் வெவ்வேறு என்றார். சாதனை, பாராட்டு, பொறுப்பு, வேலையின் இயல்பு ஆகியவை நிறைவு தரும். சம்பளம், மேற்பார்வை, பணிச்சூழல் ஆகியவை குறைந்தால் மனக்குறை எழும். இதனைப் படித்த நிர்வாகிகள் சிலர், பார்த்தீர்களா, சம்பளத்தால் ஊக்கம் வராது என்று பாதியை மட்டும் எடுத்துக்கொண்டனர். மறுபாதியை விட்டுவிட்டனர்: அடிப்படை இல்லாத இடத்தில் பாராட்டு விழாவும் சான்றிதழும் எரிச்சலையே வளர்க்கும். மே 12 செவிலியர் நாளில் மாலையும் இனிப்பும் கொடுத்துவிட்டு, மறுநாள் இருவர் பார்க்கவேண்டிய வார்டை ஒருவரிடம் ஒப்படைத்தால் அம்மாலைக்கு என்ன பொருள்?

எண்ணிக்கை வெறும் வசதி பற்றிய செய்தி அன்று. லிண்டா எய்கன் என்பாரும் அவர் குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டனர். ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுந்தோறும், அறுவை சிகிச்சை பெற்றோர் 30 நாளில் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், செவிலியர் மனச்சோர்வுற்றுத் தேய்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும் மிகுந்தன. நம் நாட்டில் மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு 1990களின் தொடக்கத்தில் வகுத்த அளவு, பொது வார்டில் 6 நோயாளிக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஒருவர்க்கு ஒருவர் என்பது. பொது மருத்துவமனை வார்டுக்குள் சென்று எண்ணிப் பார்த்தவர் இவ்வளவு எங்கே நிற்கிறது என்று அறிவர்.

ஊதியமும் இவ்வாறே. செவிலியரின் பணிநிலையை ஆராய 1954இல் ஒரு குழு. 1980களின் இறுதியில் உயர்நிலைக் குழு ஒன்று. 2016 ஜனவரியில் உச்சநீதிமன்றம் கூறியதற்கிணங்க மற்றொரு குழு. கடைசிக் குழுவின் பரிந்துரை தெளிவானது. 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் மாநில அரசுச் செவிலியர்க்கு நிகரான ஊதியம் தரவேண்டும். 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது. பரிந்துரை தானே சட்டம் ஆகிவிடாது. கேரளத்தில் செவிலியர் சங்கமாகத் திரண்டு பலமுறை வேலைநிறுத்தம் செய்தபின், 2018இல் அம்மாநில அரசு 20,000 ரூபாயை அடிப்படை ஊதியமாக அறிவித்தது. அவ்வாறு திரண்டவர்களைத் தொண்டுள்ளம் இல்லாதவர் என்று ஏசியோரும் இருந்தனர். நோயாளியின் நலனுக்காக வாய் திறக்கும் பழக்கமும் தன் உரிமைக்காக வாய் திறக்கும் பழக்கமும் ஒரே தசையின் இயக்கம் என்றே எமக்குத் தோன்றுகிறது.

இவை பெரிய ஏற்பாடுகள். அவை வரும்வரை ஒரு வார்டுக்குள் செய்யத்தக்கது ஒன்றுமில்லையா எனின், உண்டு. தலைமைச் செவிலியரின் நாவில் உண்டு. தவறிழைத்த இளையவரை நோயாளியின் முன்னும் உறவினர் முன்னும் கடிந்துகொள்வது நம் மருத்துவமனைகளில் சாதாரணம். அதன் விளைவு, அடுத்த தவறு மறைக்கப்படும். மருந்தளவு மாறிவிட்டது என்று தானே வந்து சொல்லும் செவிலியரைப் பெற்ற வார்டு பாதுகாப்பானது. அவ்வாறு சொல்ல அஞ்சும் வார்டில் பதிவேடு மட்டும் குற்றமற்றதாக இருக்கும். கடிய வேண்டியதைத் தனியறையில் கடிக. செய்முறையைத் தானே ஒருமுறை செய்து காட்டுக. பின்னர் இளையவர் செய்யத் தாம் அருகே நிற்க. மூன்றாம்முறை தள்ளி நிற்க. பாராட்டுங்காலும் பொதுவாக 'நன்று' என்னாமல், இன்னார்க்கு மூச்சு மாறியதை நேரத்தில் கண்டு சொன்னாய் என்று செயலைச் சுட்டிப் பாராட்டுக. மருத்துவரிடம் பேசும்போது முதலில் நோயாளி யார், இப்போது கண்ட மாற்றம் என்ன, முன்னைய நிலை என்ன, தாம் கேட்பது என்ன என்னும் ஒழுங்கில் பேசப் பழக்குக. எண்களோடு பேசுபவரை எவரும் எளிதில் அதட்ட இயலாது.

வீட்டார்க்கும் சில சொல்வோம். இரவுப் பணி முடிந்து காலையில் வரும் பெண்ணை உடனே அடுப்படிக்கு அனுப்பாதீர்கள். பண்டூரா கூறிய நான்காம் ஊற்றாகிய உடல்நிலை உறக்கமின்றிக் கெட்டால், முன் மூன்றும் பயன் தரா. பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பாராமல், மாணவியர் பழகும் மருத்துவமனையில் உண்மையில் நோயாளிகள் இருக்கின்றனரா என்று நேரில் சென்று பாருங்கள். நோயாளியில்லாத மருத்துவமனையில் பயின்றவர்க்குச் சான்றிதழ் கிடைக்கும், கை பழகாது. அப்பள்ளி இந்தியச் செவிலியர் மன்றத்தாலும் மாநில மன்றத்தாலும் ஏற்கப்பட்டதா என்பதையும் கேட்டறிக. வேலையில் சேரும்போது மூலச் சான்றிதழ்களை நிறுவனத்திடம் ஒப்படைக்கச் சொன்னால் நகல்களை மட்டுமே கொடுங்கள். மூலம் பிறர் பெட்டியில் பூட்டப்பட்டிருக்கும் செவிலியர் எந்த அநீதிக்கும் எதிராகப் பேசமாட்டார். தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் மகாராஷ்டிரத்திலோ கர்நாடகத்திலோ பணியேற்பதாயின், அம்மாநில மன்றத்திலும் பதிவு பெறவேண்டும். அதற்கான கடிதப் போக்குவரத்துக்கு நாட்கள் பிடிக்கும். ஆதலின் ரயில் ஏறுமுன்னரே விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுதல் நன்று.